புட்டைக் குரக்கனுக்கு மாற்றியும் நிறை குறையவில்லை, ஏன்?

வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கும் 44 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ, இடுப்பளவு 96 சென்ரிமீற்றர். வெறுவயிற்றுச் சீனி 112, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை) 6.1, பிறஷர் 138/88. தாயாருக்கு நீண்டகால நீரிழிவு. சித்திரை மாதம் சோற்றை முற்றாக நிறுத்தினார். பகலில் கஞ்சியும் வெள்ளரிக்காயும், இரவில் குரக்கன் புட்டும் என்று இருந்ததில் ஒரே மாதத்தில் 77 கிலோ 73 ஆனது. பிறகு குறைவது நின்று, மெல்ல ஏறி, இப்போது 78. தலைமயிர் கொத்தாக உதிர்கிறது. நடக்கத் தொடங்கினால் வலது முழங்கால் நோகிறது.

தை மாதம் பெறாமகளின் கலியாணம். அதற்குள், அதாவது நாலு மாதத்தில், 20 கிலோ குறைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து வரும் தமக்கை, "மெலியிற ஊசி" ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே சக ஆசிரியை ஒருவர் இணையத்தில் வாங்கிய பொடியொன்றைத் தந்திருக்கிறார். சோறு வேண்டவே வேண்டாமா, தொந்தி கரைய என்ன பயிற்சி, பொடியா ஊசியா, தைரொயிட் இருக்குமா என்பவை அவருடைய கேள்விகள். வீட்டில் சமைப்பது தாயார். "தேங்காய்ப்பாலைக் குறைச்சா கறி வாயில வைக்கேலாது எண்டு அம்மா சொல்லுறா" என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நேரமும் அளவும் போட்டு எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வது இலகு. "எனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. விடிய 6.30 இலிருந்து ஒரு கோப்பைக் கஞ்சியோடு வகுப்பெடுத்து, பின்னேரம் ரியூசனும் முடித்து, இரவு 9 மணிக்குச் சாப்பிட உட்காருகிற ஒருவரிடம் கட்டுப்பாடு இல்லையென்று யார் சொல்வது? அது தாராளமாக இருக்கிறது, ஆனால் பகலில் முழுவதையும் செலவழித்துவிட்டு இரவுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் வீடு திரும்புகிறீர்கள்.

உங்கள் எண்களைப் பார்ப்போம். உயரத்துக்கு நிறை பொருந்துகிறதா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி 32 வருகிறது. எங்களைப் போன்ற தெற்காசியருக்கு 23 இலேயே அபாயம் தொடங்குகிறது, 27.5 ஐத் தாண்டினால் அது உயர்ந்த அபாயம். பெண்களின் இடுப்பளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். "சீனி வந்திட்டுது" என்று எழுதியிருக்கிறீர்கள், இன்னும் வரவில்லை. எச்பிஏ1சி 5.7 இலிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.5 இல்தான் நீரிழிவு. இந்த வாசற்படியில் நிற்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002 இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதுமே இலக்காக வைக்கப்பட்டன. அந்தக் குழுவில் ஏறத்தாழ மூன்று வருடத்துக்குள் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசை எடுத்த குழுவில் குறைந்தது 31 வீதம். உங்கள் 78 கிலோவில் 7 வீதம் என்பது ஐந்தரைக் கிலோ. நான் உங்களுக்கு வைக்கும் இலக்கும் அதுதான். தைக்குள் 6, 7 கிலோ குறைந்தால் இன்னும் நல்லது.

அந்த 20 கிலோவைக் கணக்குப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 20 கிலோவை 120 நாளில் கரைக்க நாளுக்கு 1,280 கலோரி குறைய வேண்டும். உங்கள் உடம்பு, படுத்தே கிடந்தாலும், நாளுக்குச் சுமார் 1,370 கலோரி செலவழிக்கும். படிப்பித்து வீட்டுவேலையும் செய்தால் 1,700 முதல் 1,850 வரை. அதிலிருந்து 1,280 ஐக் கழித்தால் நீங்கள் சாப்பிட மிஞ்சுவது 500 கலோரி சொச்சம். அப்படி இருந்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் வரலாம். மயிர் உதிர்வதை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். திடீர்ப் பட்டினிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து மயிர் கொட்டுவது வழமை. சாப்பாடு சீரானால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.

சித்திரையில் குறைந்த 4 கிலோ

அது முழுவதும் கொழுப்பு அல்ல. மாப்பொருளின் ஒரு பங்கை உடம்பு தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேமித்து வைக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றை ஒரேயடியாக நிறுத்தியதும் இந்தக் கையிருப்பு தீர்ந்து, தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ இறங்குவது இதனால்தான். மிச்சத்தில் கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் தசை. பிறகு இரவில் புட்டு கூடியதும் தண்ணீர் முதலில் திரும்பியது, கொழுப்பு அதன் பின்னால் வந்தது. போன தசை மட்டும் தானாகத் திரும்பாது. அதற்கு வேலை கொடுக்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

குரக்கன், பனங்கட்டி, தேன்

இந்த மூன்றையும் "உடம்புக்கு நல்லது" என்ற பெயரில் அளவில்லாமல் எடுக்கிறீர்கள். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் அதிகம், சந்தேகமில்லை. ஆனால் 100 கிராம் அரிசிமாவில் 360 கலோரி என்றால், குரக்கன் மாவில் 320, 330. பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். மாவாக அரைத்து அவித்தபின் அது சீனியை ஏற்றுவதும் நீங்கள் நினைப்பதுபோல அவ்வளவு மெதுவாக இல்லை.

நீங்கள் எழுதிய இரவுச் சாப்பாட்டையே எடுப்போம். ஒன்றரைச் சுண்டு குழைத்து அதில் பெரும்பங்கு உங்களுக்கு என்கிறீர்கள். குறைத்தே கணக்குப் போட்டாலும் மா 150 கிராம், அது 490 கலோரி. கலந்த தேங்காய்ப்பூ கால் தேங்காய் என்றால் 190. முதற்பால் விட்ட சொதி அரைக் கோப்பை, 200. கதலி ஒன்று 60. மொத்தம் 900 ஐத் தாண்டிவிட்டது. சம்பலும் பொரியலும் இதில் சேரவில்லை. ஒரு நாளைக்கு வேண்டியதில் பாதி இரவு 9 மணிக்கு ஒரே கோப்பையில் வந்திறங்குகிறது. 10 மணிக்குப் படுக்கிறீர்கள்.

பனங்கட்டியும் அப்படித்தான். சீனியை விட்டுப் பனங்கட்டிக்கு மாறியது வாசத்துக்கு நல்லது. கலோரியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, இரத்தச் சீனியையும் ஏற்றும். நாளுக்கு நாலு பால்தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் குவித்து இரண்டு தேக்கரண்டி பால்மா, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி என்றால் 350 கலோரிக்குக் குறையாது. ஒரு வேளைச் சோற்றை நிறுத்தி, அதைப் பனங்கட்டிக் குட்டானிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள். விடிய வெந்நீரில் தேசிக்காய் பிழிந்து தேன் விட்டுக் குடிப்பதால் கொழுப்பு கரையாது. வெந்நீரும் தேசிக்காயும் கெடுதல் இல்லை. தேன் ஒரு மேசைக்கரண்டியில் 60 கலோரி. நெல்லிக் கிறஷ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போத்தலில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களில் சீனிக்கு நிற அடையாளம் போட வேண்டும், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு. நெல்லிக்காயைப் பச்சையாக உப்புத் தொட்டுக் கடிப்பதே மேல்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியையும் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். கொள்ளு கொழுப்பை உருக்காது. ஆனால் அதில் புரதமும் நாரும் உண்டு, பசி தாங்கும். சோற்றின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவித்த கொள்ளை வைத்தால் பழமொழி பலிக்கும். சோற்றுக்கு மேலே கொள்ளுரசம் குடித்தால் பலிக்காது.

சோறு வேண்டும், எவ்வளவு என்பதுதான் கேள்வி

நாளுக்கு 1,300 முதல் 1,400 கலோரி உங்களுக்குப் போதும். 1,200 க்குக் கீழே வைத்திய மேற்பார்வை இல்லாமல் போக வேண்டாம். இதற்குள் புரதம் 65, 70 கிராம் வர வேண்டும். உங்கள் கடிதத்தில் உள்ள சாப்பாட்டில் 35 கிராம்கூட வராது. பசி அடங்காததற்கும் தசை போனதற்கும் இதுதான் முதற்காரணம்.

ஒரு பாடசாலை நாள் இப்படி இருக்கலாம். விடிய எழுந்ததும் சீனியில்லாப் பிளேன்ரீ. 6.45 க்குச் சின்ன இடியப்பம் 4, தண்ணீராக இல்லாமல் தடிப்பாக வைத்த பருப்புக்கறி அரைக் கோப்பை, அவித்த முட்டை 1. இடியப்பம் அவிக்க நேரமில்லாத நாளில் அவித்த பயறோ கௌப்பியோ ஒரு கோப்பை, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து. தேங்காய்ப்பூ ஒரு மேசைக்கரண்டி போதும். பாண் என்றால் 450 கிராம் பாணில் கால்வாசியே 290 கலோரி, ஆகவே இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். இடைவேளைக்குக் கன்ரீன் பக்கம் போகாமல் கொய்யாப்பழம் ஒன்றும் கச்சான் ஒரு சின்னப் பிடியும் (25 கிராம்) கொண்டு போங்கள். எண்ணெயில் பொரித்த றோல்ஸ் ஒன்று 200 கலோரிக்குக் குறையாது. அரை மணி நேர நடையில் நீங்கள் செலவழிப்பது சுமார் 130.

மத்தியானம் 2.30 க்குச் சோறு சாப்பிடுங்கள், பயப்பட வேண்டாம். தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து ஒரு கோப்பை, அது 200 கலோரி. சிவப்பரிசி என்றால் நல்லது. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம், ஆனால் அதற்கும் அதே ஒரு கோப்பைதான். தட்டில் பாதி மரக்கறியாக இருக்கட்டும்: முருங்கையிலை வறை, கோவா வறை, கீரைக்கடையல், பயத்தங்காய், வெண்டிக்காய். கால்வாசி மீன், உள்ளங்கை அளவு, 100 கிராம். அதில் மட்டும் 20 கிராம் புரதம் வந்துவிடும். சூடையும் நெத்தலியும் விலையிலும் குறைவு, சத்திலும் குறைவில்லை. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிக் கணக்கில் வராது, அவை சோற்றின் பங்கு. கிழங்குக்கறி உள்ள நாளில் சோற்றை அரைக் கோப்பையாக்குங்கள். தட்டில் கறியையும் மீனையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள்; அதே சாப்பாட்டுக்குச் சீனி ஏறுவது இதனால் குறையும், கையும் தானாக மெதுவாகும்.

4.30 க்குப் பால்தேத்தண்ணி ஒன்று, சீனியும் பனங்கட்டியும் இல்லாமல். ஒரேநாளில் விட முடியாவிட்டால் பனங்கட்டித் துண்டை வாரத்துக்கு வாரம் சின்னதாக்குங்கள். நாலு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

இரவுச் சாப்பாட்டை 9 மணியிலிருந்து 7.45 க்கு, ரியூசன் முடிந்த கையோடு இழுத்து வாருங்கள். புட்டு வேண்டுமென்றால் ஒருவருக்கு மா 50 கிராம், தேங்காய்ப்பூ ஒரு மேசைக்கரண்டி. அதோடு மீன்கறியோ பருப்போ, நிறையக் கீரையும். குரக்கனா அரிசியா என்பது உங்கள் விருப்பம். ஒடியற்கூழ் வைக்கும் நாள் நல்ல நாள்: மீன், இறால், பயத்தங்காய், கீரை எல்லாம் ஒரே சட்டிக்குள் வந்துவிடுகிறது. மரவள்ளியைக் குறைத்துப் போடச் சொல்லி ஒரு கோப்பை குடித்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

இனி அம்மாவின் கறி. சண்டை பிடிக்கத் தேவையில்லை. இரண்டாம் பாலில் கறி வேகட்டும். இறக்க முன், முதற்பால் விடுவதற்கு முதல், உங்கள் பங்கை ஒரு கோப்பையில் எடுத்து வையுங்கள். மற்றவர்களுக்கு அம்மாவின் கைப்பக்குவம் அப்படியே இருக்கும். 100 மில்லிலீற்றர் முதற்பாலில் 200 கலோரிக்கு மேல் உண்டு. இதில் பார்க்க வேண்டியது கத்தரிக்காய். பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கும் காய் அது. பொரித்த குழம்புக்கு நறுக்கிப் போட்டு எடுத்துவிட்டுத் தாச்சியில் மிஞ்சிய எண்ணெயை அளந்து பாருங்கள், எங்கே போனதென்று தெரியும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நறுக்கிய காயில் உப்பும் மஞ்சளும் இரண்டு தேக்கரண்டி எண்ணெயும் பிரட்டி, தாச்சியை மூடி மெல்லிய நெருப்பில் வதக்கினால் ருசி அதிகம் கெடாது. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஒலிவ் எண்ணெயோ, கலோரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

செவ்வாயும் வெள்ளியும்

மச்சம் சாப்பிடாத நாட்களில் "உடம்புக்கு ஓய்வு" என்று நினைக்கிறீர்கள். உங்கள் குறிப்பைப் பார்த்தால் அந்த நாட்களில்தான் சாப்பாடு கூடுகிறது: கத்தரிக்காய்ப் பால்கறி, கிழங்குப் பிரட்டல், அப்பளம், பொரித்த மோர்மிளகாய். புரதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒருபொழுது இருக்கும் நாளில் காலைப் பட்டினிக்கு ஈடாக 2 மணிக்கு வடையும் பாயசமும் சேர்ந்து ஒரு விருந்தே நடக்கிறது. விரதத்தை விடச் சொல்லவில்லை. பருப்பை ஒரு கோப்பையாக்குங்கள், கடலையோ சோயாமீற்றோ ஒரு கறி சேருங்கள் (உலர்ந்த சோயாமீற் 50 கிராமில் 25 கிராம் புரதம்), ஒரு சின்னக் கோப்பை தயிர் எடுங்கள். பாயசம் அரைக் கோப்பையோடு போதும்.

முழங்காலும் நடையும்

முழங்கால் நோகிறது என்பதற்காக நடையை விட வேண்டாம், குறைத்துத் தொடங்குங்கள். நிறையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும். ஐந்து கிலோ குறைந்த பின் உங்கள் கால் உங்களுக்கே வேறுகாலாகத் தெரியும். அதுவரை காப்பெற் வீதியில் இறப்பர்ச் செருப்போடு நடப்பதை நிறுத்துங்கள். குதியில் மெத்தை உள்ள சப்பாத்து ஒரு சோடி வாங்குங்கள். பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வளவுக்குள் நடக்கும் 10 நிமிடமும் இதில் ஒன்றாக இருக்கட்டும், சாப்பாட்டின் பின் ஏறும் சீனியை அது இறக்கும். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, எட்டாம் வாரம் ஒரே மூச்சில் 30, 40 நிமிடம், வாரத்தில் 5 நாள். வேகத்துக்கு அளவு: கூட வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நீங்களும் சக ஆசிரியையும் நல்லூர் வீதியில் 20 நிமிடம் கதைத்தபடி போவது, எழுதியிருப்பதைப் பார்த்தால், பாட்டுக் கச்சேரியே வைக்கக்கூடிய வேகம்.

நோவு பத்தில் மூன்றுக்கு மேல் போனாலோ, அடுத்தநாள் விடியவும் நீடித்தாலோ, நேரத்தைப் பாதியாக்குங்கள். அப்படியான வாரங்களுக்கு வீட்டில் சும்மா நிற்கும் லேடீஸ் சைக்கிள் இருக்கிறதே. யாழ்ப்பாணத்தைப் போலத் தட்டையான நிலம் சைக்கிளுக்கு வாய்ப்பு. இருக்கையை உயர்த்துங்கள்: மிதிகட்டை அடியில் நிற்கும்போது முழங்கால் சற்று மட்டுமே மடிந்திருக்க வேண்டும். இங்கே பலர் இருக்கையைத் தாழ்த்தி வைத்து மிதிப்பதால்தான் முழங்கால் நோகிறது. பாடசாலைக்கு ஸ்கூட்டியில் போகும் 3 கிலோமீற்றரை வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் போய்ப் பாருங்கள். வெயில் ஏறிய பின் வேண்டாம், விடிய 7 மணிக்கு முன் அல்லது பின்னேரம் 5 க்குப் பின்.

தசைக்கான வேலை வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு. கைபிடி இல்லாத கதிரையில் கையூன்றாமல் எழும்பி இருப்பது 8 தரம். சுவரில் கையூன்றித் தள்ளுவது 10. நிமிர்ந்து படுத்து முழங்கால் மடித்து இடுப்பைத் தூக்குவது 10. சுவரைப் பிடித்துக் குதியை உயர்த்துவது 12. 5 லீற்றர்த் தண்ணீர்க் கானை ஒரு கையால் தூக்கி, முதுகு நேராக, முழங்கையைப் பின்னால் இழுப்பது பக்கத்துக்கு 8. ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு நிமிடம் இருந்து இன்னொரு சுற்று. 20 நிமிடத்தில் முடியும். 12 தரம் இலகுவாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல் கானில் எடையைக் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள், பிறஷர் ஏறும். தொந்திக்கென்று தனிப் பயிற்சி கிடையாது. படுத்தெழும்புவதால் வயிற்றுத் தசை பலப்படும், அதன் மேலுள்ள கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரைவதில்லை.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடக்கைக்கோ நோவு பரவினாலோ, வழமைக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ நின்றுவிடுங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பொடியும் ஊசியும்

பொடியை எறிந்துவிடுங்கள். இணையத்தில் விற்கும் மெலியும் பொடிகளிலும் குளிசைகளிலும் பொதியில் எழுதாத மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. அதில் முக்கியமானது சிபூட்ரமின். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. 138/88 பிறஷரோடு அதை விழுங்குவது விளையாட்டல்ல. "மெலியும் தேயிலை" என்று வருவதில் பலவும் சென்னா இலை சேர்ந்த பேதி மருந்துதான். போவது தண்ணீரும் பொற்றாசியமும்.

ஊசி வேறு கதை. தமக்கை சொல்வது செமாக்குளூற்றைட் ஆக இருக்க வேண்டும். அது உண்மையான மருந்து. நீரிழிவுக்கு வந்தது, 2021 இல் நிறை குறைக்கவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 15 வீத நிறை குறைந்தது. நிறுத்திய பின் ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அதாவது கலியாணத்துக்கென்று நாலு மாதம் போட்டு நிறுத்துகிற ஊசி அல்ல அது. சதையி (கணைய) அழற்சி வந்தவர்களுக்கும், குடும்பத்தில் தைரொயிட்டின் குறிப்பிட்ட வகைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் ஏற்றதல்ல. மிகக் குறைந்த அளவில் தொடங்கி மாதக்கணக்கில் கூட்ட வேண்டும். பிரிக்காத பேனை 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். கனடாவிலிருந்து சூட்கேசில் சேலைகளுக்கிடையில் வந்த பேனையில் என்ன மிஞ்சியிருக்கும்? வேறொருவர் பெயரில் எழுதிய மருந்தை வாங்காதீர்கள். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் 5 வீதம்கூடக் குறையவில்லையென்றால், அப்போது மருந்தைப் பற்றி உங்கள் வைத்தியரோடு கதைப்பது நியாயம்.

எடுக்க வேண்டிய சோதனைகள்

தைரொயிட்டுக்கு ரீ.எஸ்.எச். ஒன்று போதும். மயிர் உதிர்வதால் எடுத்துப் பார்ப்பது சரி, ஆனால் தைரொயிட் குறைவு இருந்தாலும் அதனால் ஏறும் நிறை வழமையாகச் சில கிலோதான், 20 கிலோவுக்கு அதைப் பழி சொல்ல முடியாது. ஈமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினும் பாருங்கள், மாதவிடாய் அதிகமாகப் போகிறதென்றால் கட்டாயம். கொழுப்புப் பரிசோதனை, ஈரல் நொதியம், சிறுநீரகத்துக்கான கிரியற்றினின் ஆகியவற்றையும் ஒரே இரத்தத்தில் எடுக்கலாம். பிரதேச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சீனியும் பிறஷரும் நிறையும் இலவசமாகப் பார்ப்பார்கள். பிறஷரை ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தபின் ஒரு வாரம் காலை மாலை அளந்து எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்ப 140/90 ஐத் தாண்டினால் அதற்கு வைத்தியம் வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் இப்போதே குறையுங்கள். இரவில் குறட்டை பெலமாக விடுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னால், பகலில் கண் சொக்கினால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நிறையை நாளாந்தம் பார்த்து மனம் உடைய வேண்டாம். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் ஒரு கிலோ தண்ணீரால் கூடுவது சாதாரணம். ஞாயிறு விடிய, சலம் போன பின், ஒரே தராசில் ஒரு தடவை. இடுப்பளவை இரண்டு வாரத்துக்கொருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை மெதுவாக விட்டபின் எடுங்கள். வயிற்றை உள்ளிழுத்து எடுத்த அளவு யாரை ஏமாற்ற? தசை வேலை தொடங்கிய முதல் மாதம் நிறை அசையாமல் இடுப்பு மட்டும் குறையலாம், அது நல்ல செய்தி. எச்பிஏ1சி கடந்த மூன்று மாதத்தின் கணக்கு என்பதால் மார்கழிக்கு முன் திரும்ப எடுப்பதில் பயனில்லை.

கலியாணச் சட்டையைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 20 கிலோ குறைந்த அளவுக்கு இப்போதே தைக்கக் கொடுக்க வேண்டாம். கலியாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அளவெடுங்கள், பக்கத் தையலில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.